கேட்டதையெல்லாம் எழுதித் தர மருத்துவர் எதற்கு?

அந்தப் பதிவைப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்றுநோய் ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தர மறுத்தார் என்று ஒரு குடும்ப மருத்துவரைச் சந்திக்கு இழுத்து, "சோம்பேறி" என்று திட்டியிருக்கிறார்கள். நானும் அதே வேலை பார்ப்பவள். அவர் செய்தது சரி.

சினைப்பைப் புற்றுநோய்க்கென்று ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 125 மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். பெருங்குடல் புற்றுநோய்க்கென்று பார்க்கும் சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே கூடுதலாக இருக்கலாம். ஏறிய எண்ணைப் பார்த்த பிறகு சும்மா இருக்க யாரால் முடியும்? ஸ்கேன், பிறகு பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று அலைய வேண்டியதுதான்.

"சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே?" தென் கொரியாவில் நன்றாக இருந்தவர்களின் கழுத்தையெல்லாம் ஸ்கேன் செய்தார்கள். 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோயை 2011-இல் கண்டுபிடித்தார்கள். இறப்பு குறையவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை.

என் பெரியப்பா 74 வயதில் யாரோ சொன்னார்கள் என்று பி.எஸ்.ஏ. எனும் புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டார். பயாப்சி முடிந்த மறுநாள் இரவு குளிர்காய்ச்சல். இரண்டு போர்வைக்கு மேலும் கட்டில் ஆடியது. கிருமித்தொற்று. பயாப்சியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் அந்த பி.எஸ்.ஏ. எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை விடவில்லை. முடிவு வரும்வரை சரியாகச் சாப்பிட மாட்டார். "இனி எதற்குப் பெரியப்பா?" என்றால், "உனக்கு இதெல்லாம் தெரியாது அம்மா" என்பார். எனக்கு!

அப்படியானால் எந்தப் பரிசோதனையும் வேண்டாமா என்று கிளம்பிவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய், பெருங்குடல், உரிய வயதில் மார்பகம், பல வருடம் புகைத்தவர்களுக்கு நுரையீரல்: இவற்றில் பரிசோதனை இறப்பைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. நெருங்கிய உறவில் புற்றுநோய் இருந்தால் கணக்கே வேறு. "என் சித்தியை அந்த டெஸ்ட்தான் காப்பாற்றியது" என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. சித்தி நன்றாக இருக்கட்டும்.

ஆனால் "சோம்பேறி" என்றீர்களே, அதை விடமாட்டேன். சீட்டு எழுத அரை நிமிடம் போதும். நோயாளியும் மகிழ்ச்சியாகப் போவார். ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து விளக்கத்தான் நேரம் பிடிக்கும். அதற்குள் வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். சோம்பேறி இதில் எதைச் செய்வான்? ஒருவர் "கொலைகாரர்கள்" என்றே எழுதியிருக்கிறார். பன்மையில். அதில் நானும் அடக்கம்தானே?

அந்தப் பதிவுக்கு இதயக்குறி இட்டவர்களில் என்னிடம் வருபவர்களும் உண்டு, பெயர்கள் தெரிகின்றன. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு நாள் தாண்டிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறேன். "அடுத்த தடவை பார்க்கலாம் டாக்டர்" என்கிறார்கள். அதையும் என் சோம்பேறித்தனத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா?