சாஷாவோட மூணு இன்வால்வரும் தீராத பஞ்சாயத்தும்

டிஜே சாஷாவோட 'இன்வால்வர்' ஆல்பங்கள் பேச்சை எடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டிக்கு டிஜே மிக்ஸ் ஆல்பம்னா, அதாவது பல பேரோட பாட்டுகளை நிறுத்தாம ஒண்ணோட ஒண்ணு தொடுத்துக் குடுக்கிறதுன்னா, அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. இன்னொரு கோஷ்டிக்கு அது மிக்ஸே இல்ல, பாட்டுகளையே மாத்திக் கட்டின ரீமிக்ஸ் தொகுப்பு, மிக்ஸ்னு பேர் போட்டு வித்துட்டாங்க. இவங்களுக்கு நடுவுல சின்னதா மூணாவது கோஷ்டி ஒண்ணு இருக்கு, அவங்க ஆல்பத்தைப் பத்தியே பேச மாட்டாங்க, "தொண்ணூறுகள்ல இந்தாளு என்ன மாதிரி ப்ளே பண்ணார் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு ஒரு பெருமூச்சோட முடிச்சுப்பாங்க.

என்னைக் கேட்டா, மிக்ஸா இல்லையாங்கிற சண்டையே வேலைக்காகாது. மூணு ஆல்பத்துலயும் அவர் செஞ்ச வேலை ஒண்ணுதான், அதே முறை, அதே கை. அப்புறம் ஏன் முதல் ஆல்பம் இன்னிக்கும் அசையாம நிக்குது, மூணாவது காதுல பட்டும் படாம வழுக்கிட்டு போகுது? பேச வேண்டியது அதைத்தான்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். சாஷா, நிஜப் பேரு அலெக்ஸாண்டர் கோ, வேல்ஸ்காரர், 1969ல பொறந்தவர். மான்செஸ்டர் ஹசியெண்டா கிளப்புக்கு ஆடப் போய் அந்தப் பைத்தியம் பிடிச்சு, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்ல ஷெல்லீஸ் கிளப்ல பேர் வாங்கி, மான்ஸ்ஃபீல்டுல ரெனைசான்ஸ் கிளப்ல உச்சத்துக்குப் போனவர். 1994ல மிக்ஸ்மேக் பத்திரிகை அட்டையில இவர் படத்தைப் போட்டு 'கடவுளின் மகனா?'ன்னு கேள்விக்குறியோட தலைப்பு வெச்சது. ஒரு மனுஷனை இருபத்தஞ்சு வயசுக்குள்ள அப்படி ஏத்தி வெச்சா அதுக்கப்புறம் அவர் எதைச் செஞ்சாலும் பாதிப்பேருக்கு ஏமாத்தமாத்தான் இருக்கும், இதுல அவர் தப்பு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.

அதே 1994ல இன்னொரு டிஜே ஜான் டிக்வீட்கூட சேர்ந்து ரெனைசான்ஸ் மிக்ஸ், மூணு சிடி. 1996ல ரெண்டு பேரும் சேர்ந்து 'நார்தர்ன் எக்ஸ்போஷர்'. 1999ல குளோபல் அண்டர்கிரவுண்ட்ங்கிற மிக்ஸ் சிடி வரிசைக்கு 'இபிசா'. இதெல்லாம் கேட்டு வளந்தவங்களுக்கு சாஷாங்கிறது ஒரு குறிப்பிட்ட விஷயம்: நீளமா, அவசரப்படாம, ஒரு ட்ராக் இன்னொண்ணுக்குள்ள எப்ப நுழைஞ்சதுன்னே தெரியாம போய்ட்டே இருக்கிற அந்தப் பயணம். 2002ல சொந்தப் பாடல்களா 'ஏர்டிரான்டேகர்' போட்டப்பவே ஒரு கூட்டம் முகத்தைச் சுளிச்சது, கிளப்ல அதிர வைக்கிற மாதிரி எதிர்பார்த்துட்டு போனா ஆளு உள்ளுக்குள்ள முணுமுணுத்துட்டு இருக்கார்னு. அந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள 2004ல இன்வால்வர்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், இது தெரியலன்னா சண்டை எதுக்குன்னே புரியாது. வினைல் காலத்துல மிக்ஸ்னா ரெக்கார்டு சுத்துற ரெண்டு டெக்னிக்ஸ் 1200 டேபிள், நடுவுல ஒரு மிக்ஸர். டேபிள்ல பிட்ச் ஸ்லைடர் இருக்கும், வேகத்தை மேல கீழ 8 சதவீதம் வரைக்கும் மாத்தலாம். ஆனா வேகத்தை மாத்தினா சுருதியும் கூடவே மாறும், 6 சதவீதம் கூட்டினா கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிடும். அதோட விட்டுச்சா, எவ்வளவு நுணுக்கமா வேகத்தைப் பொருத்தினாலும் ரெண்டு ரெக்கார்டும் கொஞ்ச நேரத்துல மெல்ல விலக ஆரம்பிக்கும், அப்ப விரலால லேசா தட்டிக்குடுத்து, இல்ல ஓரத்துல தடவிப் பிடிச்சு நிறுத்தி, மறுபடி சேர்க்கணும். ரெண்டு நிமிஷம் ரெண்டு ட்ராக்கை ஒண்ணா ஓட்டுறதுன்னா ரெண்டு நிமிஷமும் கை அதுலயே இருக்கணும். கேக்கறவனுக்கு அந்தப் பதட்டம் தெரியாது, ஆனா எங்கயோ உள்ள உறைக்கும், இது எப்ப வேணா உடையலாம்னு.

ஏபிள்டன் லைவ்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் வந்ததும் கதை மாறிடுச்சு. சுருதியைத் தொடாம வேகத்தை மட்டும் மாத்தலாம், ஒருதடவை கட்டிப்போட்டா ரெண்டு ட்ராக்கும் விலகவே விலகாது. இன்வால்வர்ல சாஷா இதைவிட ஒரு படி மேல போனார். முடிஞ்ச பாட்டை எடுத்து ஒட்டாம, கலைஞர்கள்கிட்ட இருந்து தனித்தனி பாகங்களா வாங்கி, குரல் தனி, பேஸ் தனி, டிரம்ஸ் தனின்னு, ஒவ்வொண்ணையும் தன் கையால மறுபடி கட்டி அப்புறம் தொடுத்தார். அதனால அதுல ஒட்டு போட்ட இடத்தைத் தேடினா கிடைக்காது. அடுத்த பாட்டுக்கான இடத்தை இந்தப் பாட்டுக்குள்ளயே முன்கூட்டி செஞ்சு வெச்சிருப்பார்.

"அப்ப இதுல டிஜே எங்க இருக்கான்?" இதுதான் எதிர்க்கட்சியோட கேள்வி. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா அந்தப் பழைய மிக்ஸ் சிடிக்கள் மட்டும் என்ன, ஒரு ராத்திரி நடந்ததை அப்படியே பிடிச்சு வெச்சதா? குளோபல் அண்டர்கிரவுண்ட் ஆஸ்லோ, சிட்னி, இபிசான்னு ஊர் பேரை அட்டையில போட்டு வித்துச்சு, ஆனா அதுல பலது ஸ்டுடியோல உக்காந்து பொறுமையா செஞ்சதுதான். இன்னொண்ணு, கிளப்ல டிஜே யாரையும் கேட்காம எதை வேணா போடுவான், சிடிக்கு ஒவ்வொரு ட்ராக்குக்கும் உரிமை வாங்கணும். ஒரு லேபிள் முடியாதுன்னு சொன்னா அந்த ட்ராக் போச்சு, அதை நம்பி முன்னாடி பின்னாடி அடுக்கி வெச்சதும் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு கூட்டத்தையே புரட்டிப்போட்ட பாட்டு சிடியில இல்லாமப் போறது இப்படித்தான். ஆக மிக்ஸ் ஆல்பம்ங்கிறது ஆரம்பத்துல இருந்தே ஸ்டுடியோ சாமான். சாஷா அதை ஒளிக்கல, அவ்வளவுதான்.

இதை அவர் மட்டும் செஞ்சாரான்னா அதுவும் இல்ல. 2001ல டெக்னோ டிஜே ரிச்சி ஹாட்டின் 'டிஇ9: க்ளோஸர் டு தி எடிட்'ல நூறுக்கும் மேல ட்ராக்குகளைத் துண்டு துண்டா வெட்டி, திரும்பத் திரும்ப சுத்துற லூப்பு லூப்பா ஆக்கி, அதுல இருந்து புதுசா ஒண்ணைக் கட்டினார், ஒரு பாட்டுகூட முழுசா கிடையாது. 2007ல இன்னொரு டிஜே ரிக்கார்டோ வில்லலோபோஸ் லண்டன் ஃபேப்ரிக் கிளப்போட மிக்ஸ் வரிசையில 36வது ஆல்பத்தை முழுக்க தன்னோட சொந்த ட்ராக்குகளாலயே நிரப்பிட்டார், அடுத்தவன் பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுறவன்தானே டிஜேன்னு அப்பவும் இதே புலம்பல். ஹாட்டின் செஞ்சா சோதனை முயற்சின்னு கை தட்டுறவங்க சாஷா செஞ்சா ஏமாத்துன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்னு எனக்குப் புரியல.

சரி, ஆல்பங்களுக்கு வரேன்.

2004 இன்வால்வர் கிராண்ட் நேஷனல்ல ஆரம்பிக்கும், சோம்பலான ஒரு கிட்டார் பாப். அடுத்தது ஷ்பாங்கிள், சைக்கடெலிக் ஆசாமிகள். கடைசியில உல்ரிச் ஷ்னாஸ், பனிமூட்டத்துக்குள்ள நடக்கிற மாதிரி ஒரு ஜெர்மன். இந்த மூணு பேரையும் ஒரே அறையில உக்கார வெச்சா பேசிக்கவே மாட்டாங்க. சாஷா அவங்களை ஒரே சுருதிக்கு ஒரே மூச்சுக்கு இழுத்துட்டு வரார், ஆனா அவங்கவங்க குணம் முழுசா சாகல, பாட்டு அவர்கூட மல்லுக்கு நிக்குது. ஃபீலிக்ஸ் டா ஹவுஸ்கேட்டோட 'வாட்சிங் கார்ஸ் கோ பை' வர்ற இடத்தை கவனிங்க, அது வரைக்கும் மிதந்துட்டு இருந்த ஆல்பம் அங்க திடீர்னு தரையில காலை ஊனும். அந்த ரீமிக்ஸ் கிராமிக்குப் பரிந்துரை ஆச்சு, அதை விடுங்க, கிராமியை வெச்சு எலக்ட்ரானிக் மியூசிக்கை எடை போடுற பழக்கம் எனக்கு இல்ல. லாஸ்டெப்போட 'பர்மா'வும் அதே மாதிரிதான், ஏறும், இன்னும் ஏறும், இப்ப உடையப்போகுதுன்னு நீங்க நினைக்கிற இடத்துல உடையாது.

2008ல ரெண்டாவது. தாம் யார்க், லேடிட்ரான், எம்83, அப்பராட்னு ஆட்கள். இது கொஞ்சம் குளிர்ந்த ஆல்பம், மேல ஒரே சாம்பல் நிறம். டான்ஸ் ஃப்ளோர்ல எடுபடாதுன்னு நிறைய பேர் ஒதுக்கிட்டாங்க, ஆனா ஹெட்ஃபோன்ல தனியா கேட்டா தாம் யார்க் குரல் அந்த பீட்டுக்கு மேல ஒத்துப்போகாம உரசிட்டே இருக்கிறது அவ்வளவு அழகு. ஒத்துப்போகாமங்கிறதை அடிக்கோடு போட்டுக்கங்க.

2013ல மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் லேபிள் வழியா மூணாவது. இங்கதான் எனக்கு இடிக்குது. தி எக்ஸ்எக்ஸோட 'செயின்டு' பாட்டை எடுத்துக்கங்க. அந்த பேண்டோட சொத்தே அவங்க விட்டு வைக்கிற இடம்தான். ஒரு கிட்டார் ஒத்தை சுரத்துல நிக்கும், ரெண்டு குரல் பக்கத்துல பக்கத்துல முணுமுணுக்கும், நடுவுல ஒண்ணுமே இருக்காது, அந்த ஒண்ணுமில்லாததுதான் பாட்டு. சாஷா அந்த இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து நிரப்பிட்டார், கீழ நீளமா இழையுற ஒரு சிந்த் பேட், மேல ஒரு மினுமினுப்பு, குரலுக்குப் பின்னாடி நீளமா எதிரொலிக்கிற ரிவெர்ப். கேட்க இனிமைதான், இல்லன்னு சொன்னா வாய் வெந்துடும். ஆனா ஃபோல்ஸோட 'லேட் நைட்'டுக்கும் அதே மருந்து. வரிசையா கேக்கக் கேக்க எல்லாரும் ஒரே சலூன்ல முடி வெட்டிட்டு வந்த மாதிரி ஆயிடறாங்க. முதல் ஆல்பத்துல பாட்டு அவரோட மல்லுக்கு நின்னுச்சுன்னு சொன்னேன்ல, இதுல எல்லாம் சமத்தா உக்காந்திருக்கு. ஒரு கரடுமுரடான சத்தம், ஒரு முரட்டுத்தனமான திருப்பம், எதுவுமில்ல.

ஒட்டு தெரியாம செய்யுற திறமை முழுசா கைக்கு வந்ததும் வந்த வினை இது. வினைல்ல ஒட்டு தெரியாம செய்யறதே பெரிய பாடு, அதுல ஜெயிச்சா கேக்கறவனுக்கு சிலிர்க்கும். மெஷின் அதை இலவசமா குடுக்குதுன்னா சிலிர்ப்புக்கு வேற எங்கயாவது ஏதாவது உரசணும். 2004ல தேர்ந்தெடுத்த பாட்டுகளுக்கு நடுவுல அந்த உரசல் இருந்துச்சு, 2013ல அவர் தேர்ந்தெடுத்த பாட்டுகளே ஏற்கனவே அவர் ரசனைக்குப் பாதி வழி வந்து நின்னவை. இண்டி பேண்டுங்க எல்லாம் அதுக்குள்ள எலக்ட்ரானிக் பக்கம் நகர்ந்துட்டாங்க, அவருக்கு இழுக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. ரீமிக்ஸ் தொகுப்புன்னு திட்டறவங்க தப்பான ஆயுதத்தோட சரியான இடத்துல குத்தறாங்கன்னு நான் சொல்றது இதனாலதான், அவங்க கை வெச்சிருக்கிற நோவு நிஜம், சொல்ற காரணம்தான் கோணல்.

இன்னொரு பக்கம் டிக்வீடைப் பாருங்க. கூட இருந்தவர், அதே மேடை, அதே ரசிகர்கள். அவர் தன்னோட பெட்ராக் லேபிள்ல 'லைவ் இன் கோர்டோபா' மாதிரி நகரம் நகரமா லைவ் பதிவுகளைப் போட்டுட்டு இருக்கார், நீள நீளமா, பெருசா எந்த ஜாலமும் இல்லாம. அவருக்கு என்ன வசை தெரியுமா? மாறவே மாட்டேங்கிறார், எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு. மாத்தினவருக்கு "பழைய ஆள் போயிட்டார்", மாத்தாதவருக்கு "தேங்கிட்டார்". பல சமயம் ரெண்டையும் சொல்றது ஒரே வாய். முப்பது வருஷம் ஒரு தொழில்ல இருந்தா இதுல இருந்து தப்பிக்க வழியே கிடையாது போல. எனக்கு டிக்வீடோட லைவ் ஆல்பங்கள்ல முதல் ஒரு மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும், அதுக்கப்புறம் விட முடியாது, அது என் பிரச்சனை.

தொண்ணூறுகள் கோஷ்டியைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. கேசட்ல பதிஞ்ச செட்டை கைமாத்தி கைமாத்திக் கேட்டவங்க, அந்த இரைச்சலோட சேர்த்துத்தான் அவங்களுக்கு அந்தப் பாட்டு. 2013 ஆல்பத்தோட பளபளப்பு அவங்களுக்கு எரிச்சலா இருக்கிறது எனக்கு நல்லாவே புரியுது.

ஒரு விஷயத்துல மட்டும் எல்லா கோஷ்டி மேலயும் எனக்கு கடுப்பு. மிக்ஸ் ஆல்பத்தை ட்ராக்லிஸ்ட்டைப் பாத்துட்டே தீர்ப்பு சொல்றது. எந்த பேர் இருக்கு, எது இல்ல, முடிஞ்சது விமர்சனம். அதைவிடக் கொடுமை, ஸ்ட்ரீமிங்ல ஷஃபிள் போட்டுக் கேக்கறது. இத்தனை நேரம் ஒட்டு ஒட்டுன்னு நான் அடிச்சுக்கிறது எல்லாம் அங்க ஒரே நொடியில போச்சு, ஒரு ட்ராக் பாதி பில்டப்ல வெட்டுப்பட்டு நிக்கும், நடுவுல ஒரு வெற்றிடம், அடுத்தது வேற எங்கயோ இருந்து நடுவாந்திரமா ஆரம்பிக்கும். அப்படிக் கேட்டுட்டு "ஃப்ளோ இல்ல"ன்னு ரெண்டு ஸ்டார் போடுறவங்களை என்ன செய்யறது.

சாஷாவும் சும்மா உக்காந்திருக்கல. 2017ல லண்டன் பார்பிகன்ல வாத்தியக் கலைஞர்களோட மேடையேறி தன் பாட்டுகளை நேரடியா வாசிச்சுக் காட்டினார். 2021ல 'லூஸோஸ்குரா'. என் கணக்குல அது மூணாவது இன்வால்வரை விட நல்ல ஆல்பம், அதுல மூச்சு விட இடம் இருக்கு, பீட் அங்கங்க உடைஞ்சு நொண்டுது, நிரப்பாம விட்ட பக்கங்கள் இருக்கு. அதுக்கும் "இது டான்ஸ் மியூசிக்கா"ன்னு கேட்க ஆள் இருக்காங்க, கேட்கட்டும். புதுசா ஆரம்பிக்கிறவங்க 2004ஐ முதல்ல கேளுங்க, முழுசா, ஒரே உக்காருதல்ல. பிடிச்சுதுன்னா நேரா 'லூஸோஸ்குரா'வுக்கு வந்துடுங்க, 2013ஐ நடுவுல தாண்டினாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஷஃபிளை மட்டும் ஆஃப் பண்ணித் தொலைங்க.