டிவியில பார்த்தாக் காணுமா?

சுவிஸில நடக்கிற லவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயத்தை வீட்டில இருந்து டிவியில பார்த்தாலே காணும் எண்டு எழுதியிருக்கிறியள். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நானும் மனுசியும் ஒருக்கா பேர்னில இருந்து விடிய முன்னமே வெளிக்கிட்டுப் போனனாங்கள். பந்தயம் நடக்கிற வெங்கன் மலைக் கிராமத்துக்குக் கார் போகாது, லவுட்டர்புருனனில மாறி மலை ரயில்தான். நிக்கவும் இடமில்லை, வீரர்களை உற்சாகப்படுத்த ஆட்டுறதுக்கு ஆளுக்கொரு மாட்டு மணி வேற!

உலகக் கோப்பை இறக்கப் பந்தயங்களிலயே நீளமானது இது, ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர், இரண்டரை நிமிச ஓட்டம். டிவியில அந்தச் சரிவு தட்டையாத்தான் தெரியும். ஓடுபாதையில ஹுண்ட்ஷோப்ஃப் எண்ட இடத்தில பாறையளுக்கு நடுவால ஆள் பாயேக்க பக்கத்தில நிண்டு பாருங்கோ, அடிவயிறு கலங்கும். 2013இல யொகான் கிளாரே எண்ட பிரெஞ்சுக்காரர் இந்த ஓட்டத்தில மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவர். நான் நெடுஞ்சாலையில 120ஐத் தாண்டினாலே மனுசி கத்துவா.

அங்க குளிர் தாங்கேலாது எண்டு நீங்கள் எழுதினது மட்டும் உண்மை. பிளாஸ்க்கில கொண்டுபோன தேத்தண்ணி பத்து மணிக்கே முடிஞ்சுது, ரோல்ஸ் கல்லு மாதிரி. கால் விறைச்சு அழாத குறையா நிண்ட மனுசி, இப்ப அடுத்த முறைக்கு எண்டு இரண்டு சோடி கம்பளி மேஸ் வாங்கி வச்சிருக்கிறா.