வலையைக் கொஞ்சம் பிடியுங்கள்

(கடற்கரை. கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஒன்று. அதன் அருகே படகுக்காரர், வயது அறுபத்தைந்து, மடியில் கிழிந்த வலை. பின்னால், முன்பு மணல்மேடு இருந்த இடத்தில், பத்து மாடிக் கட்டடம். நகராட்சித் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். கையில் துண்டறிக்கைக் கட்டுடன் வேட்பாளர் வருகிறார். காலணிக்குள் மணல் புகாமல் நடக்கும் வித்தை அவருக்கு இன்னும் கைவரவில்லை.)

வேட்பாளர்: வணக்கம் அண்ணே! ஒரு நிமிடம் பேசலாமா?

படகுக்காரர்: தாராளமாக, தம்பி. பேசும்போது கை சும்மாதானே இருக்கும்? இந்த வலையின் முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். இங்கே இல்லை, படகைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்காருங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் கண்ணிக் கணக்குத் தப்பிவிடும்.

வேட்பாளர்: (உட்கார்ந்து இழுத்தபடி) இப்படியா?

படகுக்காரர்: பலே! கும்பிட்டுக் கும்பிட்டுக் கை நன்றாகத் தேறியிருக்கிறது. சொல்லுங்கள்.

வேட்பாளர்: கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறேன் அண்ணே. துண்டறிக்கையைப் பாருங்கள். "நம் ஊரை மீட்போம்!"

படகுக்காரர்: யாரிடமிருந்து?

வேட்பாளர்: வெளியிலிருந்து வந்து குவிகிறவர்களிடமிருந்து.

படகுக்காரர்: நல்லது. நீங்கள் வந்து எத்தனை ஆண்டு ஆகிறது?

வேட்பாளர்: மூன்று ஆண்டு, இரண்டு மாதம்.

படகுக்காரர்: எப்போதிலிருந்து வந்தவர்கள் குவிகிறவர்கள்?

வேட்பாளர்: மூன்று ஆண்டு என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறோம்.

படகுக்காரர்: அடடா, இரண்டே மாதத்தில் தப்பித்துவிட்டீர்கள்.

வேட்பாளர்: எங்கள் குழுவில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது அண்ணே. பொருளாளர் ஐந்து ஆண்டு என்று பிடிவாதம் பிடித்தார். அவர் வந்து ஐந்தரை ஆண்டு. செயலாளர் ஆறு மாதம் போதும் என்றார். அவர் வீட்டில் இன்னும் பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன.

படகுக்காரர்: இந்தக் கணக்குப்படி என் பாட்டனார் வந்த அன்றே ஊர் நிரம்பிவிட்டது. அவருக்கு முன்னால் இங்கே நண்டுகள் இருந்தன. அவற்றிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

(எழுதுகிறவன் குறுக்கிடுகிறேன். கடைசி வண்டியில் இறங்கியவர்தான் வாசற்கதவை முதலில் சாத்தப் போகிறவர். வேட்பாளரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் பால்கனிக்கு எதிரிலும் ஒரு காலி மனை இருக்கிறது. அதில் யாராவது அளவுநாடாவோடு நின்றால் எனக்கு மூச்சு வாங்குகிறது.)

வேட்பாளர்: உங்கள் கிண்டல் இருக்கட்டும். அதோ, எங்கள் கட்டடத்துக்கு முன்னால் உள்ள காலி மனையில் பன்னிரண்டு மாடி வரப்போகிறதாம். என் ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து இனி கடல் தெரியாது. இது அநியாயம் இல்லையா?

படகுக்காரர்: அநியாயம்தான். உங்கள் கட்டடம் எழும்பியபோது பின் தெருவில் இருந்தவர்களும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

வேட்பாளர்: அது வேறு. அப்போது நடந்தது வளர்ச்சி.

படகுக்காரர்: இப்போது நடப்பது?

வேட்பாளர்: கட்டுப்பாடற்ற வளர்ச்சி. நான் வென்றால் மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே அந்த மனைக்கு அனுமதி கிடையாது என்று தீர்மானம் கொண்டுவருவேன். பணத்தாசை பிடித்த எவனோ ஒருவன் அதை விற்கப் பார்க்கிறான்!

படகுக்காரர்: நான்தான்.

வேட்பாளர்: என்ன?

படகுக்காரர்: அந்த எவனோ ஒருவன் நான்தான், தம்பி. வலையைத் தொய்யவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கிற கட்டடத்தின் நிலம் என் தந்தை விற்றது. இது எனக்கு மிஞ்சியது. ஊரைச் சுற்றி விலை ஏறினால் வரியும் கூடவே ஏறுகிறது. மீன் ஏறவில்லை.

வேட்பாளர்: (சற்று மௌனம். துண்டறிக்கையைத் திருப்புகிறார்) சரி... இரண்டாவது வாக்குறுதிக்கு வருவோம். தண்ணீர்.

படகுக்காரர்: வாருங்கள்.

வேட்பாளர்: இதற்காக இரவெல்லாம் படித்தேன் அண்ணே. கடலோரத்தில் நன்னீர், உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுக்காரர் இதைச் சொன்னார். வட கடலோரக் குளியல் ஊர்களின் தண்ணீர்த் தேவையை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இல் தனியாக இதையே கண்டுபிடித்தார்.

படகுக்காரர்: பார்த்தீர்களா, அங்கேயும் குளிக்க வந்தவர்களால்தான் கணக்கே போட வேண்டியிருந்திருக்கிறது. மேலே ஓர் அடி உறிஞ்சினால் என்ன ஆகும்?

வேட்பாளர்: கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி வரை ஏறிவரும்.

படகுக்காரர்: ஒன்று வாங்கினால் நாற்பது வட்டி. கடல் போல ஒரு வட்டிக்காரனை நான் பார்த்ததில்லை. என் கிணறு உப்பானது எப்படி என்று இப்போது புரிகிறது. இதை மேடையில் சொன்னீர்களா?

வேட்பாளர்: சொன்னேன். "நாற்பது அடி" என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் நாற்பது அடிச் சாலை போடப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

படகுக்காரர்: திருத்தவில்லையா?

வேட்பாளர்: கைதட்டல் நின்ற பிறகு திருத்தலாம் என்று இருந்தேன். நிற்கவே இல்லை.

படகுக்காரர்: உங்கள் கட்டடத்தில் நீச்சல்குளம் இருக்கிறதே, அதை மூடுவீர்களா?

வேட்பாளர்: மூடுவதா? எங்கள் மாடிக்காரர்கள் மொத்தமும் என் வாக்கு வங்கி அண்ணே! "பொறுப்புடன் நீந்துவோம்" என்று பலகை வைப்போம்.

படகுக்காரர்: குளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கடல் தெரிகிற இடத்தில் எதற்கு ஒரு குளம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும், மூன்றாவது?

வேட்பாளர்: கடல் அரிப்பு. நம் கரையில் தூண்டில் வளைவு அமைப்போம். பாறைகளை வரிசையாகக் கடலுக்குள் நீட்டினால் மணல் நம் பக்கம் சேரும்.

படகுக்காரர்: சேரும். எங்கிருந்து?

வேட்பாளர்: கடலிலிருந்து.

படகுக்காரர்: கடல் மணல் தயாரிப்பதில்லை தம்பி, சுமந்து போகிறது. நீரோட்டம் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகிற மணலை நாம் வழிமறிக்கிறோம். நமக்குக் கரை அகலும், அவர்களுக்கு வீட்டு வாசலில் அலை அடிக்கும்.

வேட்பாளர்: நீங்கள் சொல்வது மெய்தான். அமெரிக்காவில் ஓஷன் சிட்டி என்று ஓர் ஊர். 1933இல் ஒரு புயல் அந்தத் தீவுத்திட்டை இரண்டாகக் கிழித்துவிட்டது. நடுவில் உண்டான கால்வாய் படகுகளுக்கு வசதியாக இருக்கிறதே என்று கற்சுவர் கட்டி அதை நிலைநிறுத்தினார்கள். வடக்கே இருந்த ஊரின் கரையில் மணல் குவிந்தது. தெற்கே அசட்டீக் தீவுக்கு மணல் வரத்து நின்று, அது நிலப்பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே போய்விட்டது.

படகுக்காரர்: இவ்வளவு தெரிந்தும் தூண்டில் வளைவு கேட்கிறீர்களே?

வேட்பாளர்: பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நம் தேர்தலில் வாக்கு இல்லையே அண்ணே.

படகுக்காரர்: (ஊசியை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்க்கிறார்) இத்தனை நேரம் உங்களைப் புதியவர் என்று நினைத்துவிட்டேன். அனுபவசாலிதான்.

வேட்பாளர்: இதைவிடச் சுலபமான வழிகூட உண்டு. வட கரோலினா மாநிலத்தில் 2010இல் நிபுணர் குழு ஒன்று, 2100க்குள் கடல்மட்டம் ஒரு மீட்டர் உயரலாம் என்று அறிக்கை கொடுத்தது. கடற்கரை மனைகளின் கதி என்ன ஆவது? 2012இல் ஒரு சட்டம் போட்டார்கள். கடல் எவ்வளவு வேகமாக உயரும் என்பதை விதிமுறைகளுக்காக எந்த அரசுத் துறையும் நான்கு ஆண்டுக்கு வரையறுக்கக் கூடாது.

படகுக்காரர்: கடலுக்கு நகல் அனுப்பினார்களா?

வேட்பாளர்: அது தெரியாது.

படகுக்காரர்: அனுப்பியிருக்க வேண்டும். தகவல் போய்ச் சேராததால்தான் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. முனையை இன்னும் கொஞ்சம் இழுங்கள். ஆம், அப்படி. யார் யார் உங்களுக்கு வாக்களிப்பார்கள் என்று கணக்குப் பார்த்தீர்களா?

வேட்பாளர்: அங்கேதான் இடிக்கிறது. எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களுடையவை. மற்ற நாளில் பூட்டு. அவர்களுக்கும் இங்கே வாக்கு வேண்டும் என்று நான்காவது வாக்குறுதி வைத்திருக்கிறேன்.

படகுக்காரர்: வெளியார் குவியக் கூடாது என்பது முதல் வாக்குறுதி. வெளியாருக்கு வாக்கு என்பது நான்காவது.

வேட்பாளர்: நடுவில் இரண்டு வாக்குறுதி இடைவெளி விட்டிருக்கிறேனே! அதோடு இது புதுமையும் இல்லை. டெலவேர் மாநிலக் கடற்கரை ஊர்கள் சிலவற்றில், சொத்து இருந்தால் போதும், அங்கே குடியிருக்காதவரும் ஊர்த் தேர்தலில் வாக்களிக்கலாம். அதே மாநிலத்து நியூவார்க் நகரில் இன்னும் ஒரு படி மேலே போனது. சொத்து கம்பெனியின் பெயரில் இருந்தால் கம்பெனிக்கு ஒரு வாக்கு. 2018இல் அங்கே நடந்த பொது வாக்கெடுப்பில் ஒரே மனிதர், தம் பொறுப்பில் இருந்த கம்பெனிகளின் சார்பில் 31 முறை வாக்களித்தார்.

படகுக்காரர்: விரலில் மை வைத்திருந்தால் கை கால் விரல் அத்தனையும் போதாதே!

வேட்பாளர்: பிறகு விதியை மாற்றிவிட்டார்கள்.

படகுக்காரர்: பாவம். எனக்கு மூன்று படகு இருக்கிறது. ஆளுக்கொரு கம்பெனியாகப் பதிவு செய்துவிடலாம் என்று பார்த்தேன். அதில் ஒன்று ஓட்டை. செல்லாத வாக்காகப் போடும்.

வேட்பாளர்: சிரிக்காதீர்கள் அண்ணே. ஒவ்வொரு வாக்கும் தங்கம். வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற துறைமுக நகரத்தில், 2017இல் மாநிலச் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் என்ன நடந்தது தெரியுமா? மறு எண்ணிக்கையில் ஓர் அம்மையார் ஒரே ஒரு வாக்கில் முந்தினார். ஒருவர் இரண்டு பெயரிலும் குறியிட்டு, அதில் ஒன்றை அடித்திருந்த சீட்டு நீதிமன்றம் போனது. அதைச் செல்லும் என்றார்கள். இருவருக்கும் 11,608. சரிசமம்!

படகுக்காரர்: பிறகு?

வேட்பாளர்: பெயர் எழுதிய இரண்டு சீட்டுகளை ஆளுக்கொரு பிலிம் டப்பாவில் அடைத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, 2018 ஜனவரி 4 அன்று ஒன்றை எடுத்தார்கள். அம்மையார் தோற்றார்.

படகுக்காரர்: ஒழுங்காக ஒரு பெயரில் மட்டும் குறியிடத் தெரியாத ஒருவரால் முடிவே தலைகீழாகிவிட்டது. ஆனால் அவர் மேல் எனக்கு மரியாதை வருகிறது. உங்கள் அறிக்கையைப் படித்தால் எனக்கும் இரண்டு பக்கமும் குறியிட்டு ஒன்றை அடிக்கத்தான் தோன்றுகிறது.

வேட்பாளர்: அப்படியென்றால் பாதி மனம் என் பக்கம் இருக்கிறது! இன்னும் என்ன வேண்டும், சொல்லுங்கள். படகு நிறுத்த மேடை?

படகுக்காரர்: நன்றாக இருக்கும்.

வேட்பாளர்: எழுதிக்கொள்கிறேன். கை இரண்டும் வலையில் இருக்கிறது, மனத்தில் எழுதிக்கொள்கிறேன். வலை காயவைக்க இடம்?

படகுக்காரர்: ரொம்ப நாளாகக் கேட்கிறோம்.

வேட்பாளர்: நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலி மனை விஷயம்கூட... தீர்மானம் என்றேனே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். பன்னிரண்டு என்பதை நான்கு மாடியாகக் குறைத்தால், என் ஜன்னலுக்குக் கீழேயே நின்றுவிடும். உங்களுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் கடல் மிஞ்சும்.

படகுக்காரர்: தம்பி, நீங்கள் மேலே வருவீர்கள். இதோ, கடைசி முடிச்சு. (நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்) முடிந்தது. இனி விடலாம்.

வேட்பாளர்: (கையை உதறியபடி) அப்பாடா! அண்ணே, ஒன்றே ஒன்று. உங்கள் வாக்கு எனக்குத்தானே?

படகுக்காரர்: கொடுக்க ஆசைதான். ஊர் பெருத்துவிட்டது என்று போன ஆண்டு வார்டு எல்லைகளை மாற்றிப் போட்டார்களே, நினைவிருக்கிறதா?

வேட்பாளர்: இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்தக் கடற்கரை கிடைத்தது.

படகுக்காரர்: முழுவதும் கிடைக்கவில்லை. அதோ அந்தக் கல்லுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நேர்க்கோடு போடுங்கள். சரியாக இந்தப் படகின் நடுவில் வரும். நீங்கள் உட்கார்ந்திருப்பது உங்கள் வார்டு. நானும் என் வீடும் இருப்பது அடுத்த வார்டு.

வேட்பாளர்: (எழுந்து, கல்லைப் பார்க்கிறார், கம்பத்தைப் பார்க்கிறார், படகைப் பார்க்கிறார்) முக்கால் மணி நேரம் அண்ணே! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?

படகுக்காரர்: சொல்லியிருந்தால் வலையை யார் பிடித்திருப்பார்கள்?

(வேட்பாளர் துண்டறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிறார். நாலடி போனதும் நின்று, காலணியைக் கழற்றி மணலைக் கொட்டுகிறார். தொலைவில், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னொரு வேட்பாளர் கைகூப்பியபடி வந்துகொண்டிருக்கிறார். படகுக்காரர் இரண்டாவது வலையை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார்.)