5.10ஏ-ன்னு யார் சொன்னது?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் பாறை ஏறும் பசங்களுக்கு ஊருக்குள் தொட்டுப் பார்க்கக்கூட ஒரு பாறை கிடையாது. காசிமேட்டில் அலைக்குக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல்லை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சென்ட்ரலில் ராத்திரி வண்டி பிடித்து பெங்களூரு, அங்கிருந்து ராமநகரா. நாலு நாள் லீவு கிடைத்தால் ஹம்பி, பாதாமி. இவ்வளவு செலவு பண்ணிப் போய் எந்த ரூட்டில் கை வைப்பது என்று முடிவு பண்ணுவது ஒரே ஒரு எண்ணைப் பார்த்துத்தான்: அந்த ரூட் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லும் கிரேடு. 5.7, 5.8 என்று எண் ஏற ஏறக் கஷ்டமும் ஏறும்; 5.10-இலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி, டி என்று படிகள். அந்த கிரேடை யார் போட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் கட்சி இது: ஒரு ரூட்டின் கிரேடில் முதல் பேச்சு, அந்த கிரேடில் திணறுகிறவனுடையது. குரூப்பில் பெரிய கையாக இருப்பவருடையது இல்லை.

5.12 ஏறுகிறவருக்கு 5.8-உம் 5.9-உம் ஒன்றுதான். கால் வைக்க நல்ல இடம் எங்கே என்று தேடாமலே இரண்டு பிடியைத் தாண்டி இழுத்துவிட்டுப் போவார். எங்கே கஷ்டம் என்று கேட்டால், 'எங்கேயும் இல்லையே' என்பார். பொய் சொல்லவில்லை, அவர் உடம்புக்கு அது தெரியவே இல்லை. கேரம் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2024-இல் உலகக் கோப்பை ஜெயித்து வந்த நம்ம காசிமாவுக்குச் சுலபமாக இருக்கும் ஒரு கட், நேற்று கிளப்பில் சேர்ந்த பையனுக்கும் சுலபம் என்று யாராவது போர்டில் எழுதி வைப்பார்களா? பாறையில் அதைத்தான் செய்கிறோம்.

அதற்காக 5.7-இல் தொங்குகிறவர் 5.11-க்கு கிரேடு சொல்லலாமா என்றால், அதுவும் கூடாது. தன் எல்லைக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே மாதிரி பயங்கரமாகத்தான் தெரியும். முன்பின் தெரியாத 5.10-ஐப் பத்துக்கு ஐந்து தடவை விழாமல் ஏறுகிறவர்தான் 5.10ஏ-வுக்கும் 5.10சி-க்கும் வித்தியாசம் சொல்லக்கூடியவர்.

அடுத்தது, முதலில் ஏறியவர். கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்தவர், வேர்வை சிந்தியவர், பெயர் வைத்தவர். பெயர் அவர் உரிமை, அதில் தகராறே இல்லை. ஆனால் கிரேடு சொல்ல இருப்பவர்களிலேயே பழுதான சாட்சி அவர்தான். மேலிருந்து தொங்கி, பிடிகளை பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு அசைவையும் இருபது தடவை ஒத்திகை பார்த்திருப்பார். மனப்பாடமான கேள்வித்தாள் சுலபமாகத்தான் இருக்கும். சிலருக்கு இது தலைகீழாகவும் நடக்கும்: மண்ணும் பாசியும் ஒட்டியிருந்த நாளில் பட்ட பாட்டை வைத்து ஒரு கிரேடு ஏற்றிப் போட்டுவிடுவார்கள்.

அளவுகோலிலேயே ஒரு பழைய கோளாறு உண்டு. 1950-களில் கலிபோர்னியாவின் டாக்விட்ஸ் பாறையில் இந்த தசமக் கணக்கு உருவானபோது உச்சம் 5.9. அதற்கு மேல் எண்ணே இல்லாததால், கஷ்டமான ரூட்டெல்லாம் 5.9-க்குள்ளேயே திணிக்கப்பட்டது. பழைய 5.9 என்று கேள்விப்பட்டால் விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு முறை கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பது அதனால்தான். உலகத்திலேயே கஷ்டமான ரூட்டுகளில் வேறு பிரச்சினை: ஏறிப் பார்த்து கிரேடு சரியா என்று ஓட்டுப் போட ஆளே இல்லை. பின்லாந்தில் 2016-இல் அந்த நாட்டு வீரர் நாலே ஹுக்கடைவால் ஏறிய 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்', கயிறில்லாமல் குட்டைப் பாறையில் ஏறும் போல்டரிங்குக்கான 'வி' அளவுகோலில் உலகின் முதல் வி17. 2023-இல் வில் போசி என்ற இன்னொரு வீரர் ஏறி ஆமாம் என்று சொல்லும்வரை, ஆறரை வருஷம் அது ஒற்றை ஆளின் வாக்கு.

உயரம்தான் பெரிய சண்டை. ரூட்டிலேயே கஷ்டமான இடமான க்ரக்ஸில் 5 அடி 10 அங்குலக்காரர் நின்றபடி எட்டிப் பிடிப்பதை, 5 அடி 2 அங்குலம் உள்ள பெண் நடுவில் நகம் மட்டும் பதியும் ஒரு பிடியைப் பிடித்து, காலை இடுப்புவரை தூக்கி வைத்து எட்ட வேண்டும். ஏழு பேர் ஏறினார்கள் என்று வையுங்கள். உயரமான நாலு பேர் 5.10ஏ, மற்ற மூன்று பேர் 5.11ஏ என்கிறார்கள். சராசரி எடுத்தால் சுமார் 5.10சி வரும். ஏறின ஏழு பேரில் ஒருத்தருக்குக்கூட அது 5.10சி கிடையாது! இரண்டு குவியலாக விழும் ஓட்டைக் கூட்டி வகுக்கக் கூடாது. இரண்டையும் எழுதுங்கள்: '5.10ஏ, கை எட்டாவிட்டால் 5.11ஏ.' குட்டையாக இருப்பது எப்போதும் பாதகம் என்றும் இல்லை. 1993-இல் அமெரிக்காவின் எல் கேப்பிடான் பாறைச் சுவரில் 'நோஸ்' ரூட்டை முதன்முதலில் ஃப்ரீயாக, அதாவது கயிற்றை விழுந்தால் தாங்க மட்டும் வைத்துக் கை காலாலேயே ஏறி முடித்த லின் ஹில்லின் உயரம் அதே 5 அடி 2 அங்குலம். அந்த ரூட்டில் வரும் 'கிரேட் ரூஃப்' என்ற இடத்தின் ஒல்லி வெடிப்பில் அவர் விரல் நுழைந்தது.

இன்னொன்றைக் கவனியுங்கள். முடிக்காதவர் ஓட்டே போடுவதில்லை. விரல் பலம் உள்ளவருக்கு ஏற்ற ரூட்டை விரல் பலம் உள்ளவர்கள்தான் முடிப்பார்கள், அவர்கள்தான் எழுதுவார்கள், கிரேடு இறங்கிக்கொண்டே போகும்.

ஆபத்து விஷயத்தில் என் கணக்கே மாறும். அங்கே பாதியில் இறங்கி வந்தவர் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். மேலிருந்தே கயிறு தாங்கும் டாப் ரோப்பில் ஏறியவருக்கு இதில் ஓட்டே கிடையாது; கீழிருந்து ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே லீடு ஏறுகிறவருக்குத்தான் இந்த ஆபத்து. ஏன் என்று பாருங்கள். முதல் போல்ட் 4 மீட்டரில், இரண்டாவது 6 மீட்டரில். இடுப்பு 5 மீட்டரில் இருக்கும்போதே கயிற்றை இழுத்துத் தலைக்கு மேலே மாட்டப் போகிறீர்கள். முதல் போல்ட்டிலிருந்து மேலே 2 மீட்டர், திரும்ப இடுப்புக்கு 1 மீட்டர், மொத்தம் 3 மீட்டர் கயிறு வெளியே. அந்த நொடியில் கை வழுக்கினால் இடுப்பு வந்து நிற்பது தரையிலிருந்து 1 மீட்டரில். கயிறு நீளும், கீழே கயிறு பிடிக்கும் பிலேயர் கையில் கொஞ்சம் தொய்வு இருக்கும், கால் தரையில் அடிக்கும். இன்னும் ஒரு மீட்டர் ஏறி, போல்ட் இடுப்புக்கு நேராக வந்தபின் மாட்டினால் வெளியே இருப்பது 2 மீட்டர்தான், தப்பிக்க வாய்ப்பு உண்டு. அப்படி நின்று மாட்ட அங்கே ஒரு நல்ல பிடி இருக்கிறதா இல்லையா என்பது, பயந்து இறங்கியவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ரூட் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நட்சத்திரம் போடுவது ரசனை. ஏறின எல்லாரும் போடட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை.

கிரேடு எழுதும்போது மட்டும், கைடு புத்தகத்தில் போட்டிருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதுங்கள். பார்த்துவிட்டால் கை தானாக அதையே எழுதும். பக்கத்தில் உங்கள் உயரம், வழக்கமாக ஏறும் கிரேடு, லீடா டாப் ரோப்பா, எத்தனையாவது முயற்சி, மாதம், நேரம். மே மாத மதியத்தில் சாக் பவுடரையும் மீறி வேர்க்கும் கையோடு கிரானைட்டில் போட்ட ஓட்டும், ஜனவரி காலையில் போட்ட ஓட்டும் ஒன்றில்லை. மழைநாளில் கேரம் போர்டு இழுப்பது தெரிந்தவர்களுக்கு இது புரியும். தேதி கட்டாயம் வேண்டும். க்ரக்ஸில் ஒரு பிடி உடைந்துவிட்டால், அதற்கு முந்தைய ஓட்டெல்லாம் வேறொரு ரூட்டுக்குப் போட்டது.