‘கஹாள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுத் தம்பி, தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி எடுத்துப்போய் விற்கிறவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, ஹைவே சிக்னல் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி போன் பேசிக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். பாதி வியாபாரம் ஜிபேயில்தான். அன்றைக்கு இட்லி விற்ற மாதிரிதான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன், பத்து மணிக்கு என்னிடம் காகிதத்தை நீட்டினான். அவனுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. நான் படித்தேன். தேதி, இடம், போனின் நிறம், ஐஎம்ஈஐ எண் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சொல் மட்டும் இடித்தது: ‘கஹாள்’. தொலைந்துபோனது என்று அர்த்தம்.

“தொலைஞ்சுபோச்சுன்னா சொன்ன?”

“இல்லண்ணே, புடுங்கிட்டுப் போனாங்கன்னு மூணு வாட்டி சொன்னேன்.”

அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். டியூட்டியில் இருந்த ஹவல்தார் கெட்ட மனுஷர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். முந்தைய நாள் ராத்திரி எட்டு மணியிலிருந்து இருக்கிறாராம், கண் சிவந்திருந்தது. (2016-ல் தேவ்னார் ஸ்டேஷனில் எட்டு மணி நேர ஷிப்டைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அந்தக் காற்று இவர் மேஜைப் பக்கம் அடித்த மாதிரி தெரியவில்லை.) பொறுமையாகத்தான் விளக்கினார்: புது சிம் வாங்க இந்தக் காகிதம் போதும், போனை பிளாக் பண்ணவும் போதும், எஃப்ஐஆர் போட்டால் கோர்ட்டு சாட்சி என்று இந்தப் பையன் எத்தனை நாள் அலைவான்?

சிம்முக்கும் பிளாக் பண்ணவும் போதும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. நானே சில வருஷம் முன்பு ரயிலில் என் பர்ஸை எவனோ அடித்தபோது, ஆபீசுக்கு நேரமாகிறது என்று ‘தொலைந்தது’ என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன். யோக்கியன் வேஷம் போட எனக்கு உரிமை இல்லை.

போலீஸ் தப்பு என்றாலே நம் பேச்சு பெரிய விஷயத்துக்குத் தாவிவிடும். டீக்கடையில் சாத்தான்குளம் வரும். மும்பைக்காரன் என்றால் போலீஸ் அதிகாரி சச்சின் வாசே: காவலில் நடந்த ஒரு மரண வழக்கில் 2004-ல் சஸ்பெண்ட், அந்த வழக்கு முடியாமலே 2020 ஜூனில் மறுபடி சீருடை, அடுத்த மார்ச்சில் என்ஐஏ கைது, மே மாதம் டிஸ்மிஸ். பேச வேண்டியதுதான். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆயுசில் லாக்கப்பைப் பார்க்கப் போவதில்லை. நமக்கும் போலீசுக்கும் நடுவில் இருப்பது இந்த மேஜையும் இந்தக் காகிதமும்தான். அங்கேயே ஒரு பொய் எழுதப்படுகிறது, அதை யாரும் தப்பு என்றுகூடச் சொல்வதில்லை.

ஏன் எழுதுகிறார்கள்? சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. எஃப்ஐஆர் போட்டால் அது கணக்கில் ஏறும். கிரைம் மீட்டிங்கில் ‘உன் ஏரியாவில் ஏன் இத்தனை பறிப்பு’ என்று சீனியர் இன்ஸ்பெக்டரைக் கேட்பார்கள். ‘ஏன் இத்தனை பேர் போனைத் தொலைக்கிறார்கள்’ என்று எவனும் கேட்க மாட்டான். பதில் சொல்லும் கடமை முழுக்க மேலே பார்த்தே இருக்கிறது. எதிரில் நிற்கிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும், போடாத அதிகாரி மேல் நடவடிக்கை வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் பறிப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரை தண்டனை. முதல்கட்டமாக விசாரித்துப் பார்க்க 14 நாள் அவகாசம் உண்டு, அதற்கும் டிஎஸ்பி மட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். ‘கஹாள்’ என்று மாற்றி எழுத எந்தப் பிரிவிலும் இடம் இல்லை.

ஹவல்தார் தலைக்கு மேலே கேமரா இருந்தது. ஸ்டேஷன் முழுக்கக் கேமரா வேண்டும், குரலும் பதிவாக வேண்டும், குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சரி, தம்பி மூன்று தடவை சொன்னதும் அதில் பதிவாகியிருக்கும். யார் போட்டுக் கேட்கப்போகிறார்கள்? 2006-ல் பிரகாஷ் சிங் தீர்ப்பு போலீஸ் மேல் புகார் சொல்ல மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் ஆணையம் வைக்கச் சொன்னது. காவலில் சாவு, பலத்த காயம், பணம் பறிப்பு, நில அபகரிப்பு என்று அதற்கு வரும் புகார்களே கனமானவை. ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றால் நம்மையே ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால், ஸ்டேஷனை எண்ணிக்கையை வைத்து மார்க் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். ‘தொலைந்தது’ என்று கொடுத்த காகிதங்களில் மாதம் பத்தை எடுத்து, அந்த ஆட்களுக்கு மேலதிகாரி ஒருவர் போன் போட்டு ‘நிஜமாகவே தொலைத்தீர்களா’ என்று கேட்டால் போதும். பத்து போன்தான். இதற்குப் பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

நாங்கள் டிசிபி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டோம். ஒன்பதாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு எஃப்ஐஆர் போட்டு நகலும் கொடுத்தார்கள். போன் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று தம்பியும் நினைக்கவில்லை. நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறான்.

போன வாரம் அதே ஹவல்தார் சிக்னலில் அவனிடம் ரெண்டு பிளேட் இட்லி வாங்கினாராம்.

“காசு குடுத்தாரா?”

“குடுத்தாருண்ணே. என் புது போன்லயே ஸ்கேன் பண்ணாரு. ‘பத்திரமா வெச்சிக்கோ, தொலைச்சிராத’ன்னாரு.”