கன்ஃபியூஸ்: குழம்புறது வேற, குழப்புறது வேறங்க

மேலே ஒரு அண்ணா, "கன்ஃபியூஸ்னா குழம்புறது, அதனால இன்டர்வியூல ஐ ஆம் கன்ஃபியூசிங்னு சொன்னாத் தப்பில்லை"ன்னு எழுதியிருக்காருங்க. அது சரியில்லைங்க அண்ணா, தயவுசெஞ்சு மாத்திருங்க. வேலை தேடுற பசங்க இதை நம்பி அப்படியே போய்ப் பேசுவாங்க.

கன்ஃபியூஸ்னா குழப்புறது. 'ஐ ஆம் கன்ஃபியூசிங்'னா, நான் பேசுறது அடுத்தவங்களுக்குப் புரியாதுன்னு அர்த்தமாயிரும். குழம்பினவங்க சொல்ல வேண்டியது 'ஐ ஆம் கன்ஃபியூஸ்ட்'.

திருப்பூர் பனியன் கம்பெனில ஆர்டர் வேலையைப் பார்த்துக்கிற மெர்ச்சண்டைசர் ஒருத்தர், சரக்கு வாங்குற பையருக்கு மெயில் போடுறார்னு வைங்க. அளவு அட்டவணை புரியலைன்னா 'தி சைஸ் சார்ட் இஸ் கன்ஃபியூசிங்'னு எழுதலாம், 'வீ ஆர் கன்ஃபியூஸ்ட்'னும் எழுதலாம். 'வீ ஆர் கன்ஃபியூசிங்'னு போட்டா, குழப்பம் பண்றதே நம்ம கம்பெனிதான்னு ஆயிரும். அளவுல வர்ற குழப்பம் பேக்கிங் வரைக்கும் போயிருங்க.

கன்ஃபியூஸ்ங்கிற சொல்லோட லத்தீன் மூலத்துக்கு 'ஒண்ணாச் சேர்த்து ஊத்துறது'ன்னு பொருள். ஒண்ணை இன்னொண்ணுன்னு நினைச்சுக்கிறதுக்கும் இதே வினைதான்: 'ஐ கன்ஃபியூஸ்ட் பெருந்துறை வித் பெருமாநல்லூர்'. அங்கே 'வித்' போடுங்க, 'டு' வராது.