மூடி என்ன நிறம்?

உடற்பயிற்சி செய்ததும் ரத்தத்தில் நுண்பைகள் (செல்கள் வெளியே விடும் மிகச் சிறிய பைகள்) கூடுகின்றன, அவை தசை அனுப்பியவை என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள் ஒரு நேரலையில். அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே கேள்விதான். ரத்தம் எடுத்த டியூபின் மூடி என்ன நிறம்? இதற்குப் பெயர் வயிற்றெரிச்சலாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒன்று. தசை மற்ற உறுப்புகளோடு பேசுகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள எக்சோசோம்கள் என்ற நுண்பைகள் செல்லுக்குள்ளேயே ஒரு பெரிய பைக்குள் உருவாகி, அந்தப் பை செல்சவ்வோடு ஒட்டித் திறக்கும்போது வெளியே வருகின்றன. சவ்விலிருந்து நேராகக் கிள்ளிக்கொண்டு கிளம்பும் நுண்பைகளும் உண்டு. 2018இல் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களின் ரத்தத்தில், இந்த நுண்பைப் பகுதியில் 300க்கும் மேற்பட்ட புரதங்கள் கூடியிருந்ததைக் காட்டினார்கள். 2021இல் எலிகளில் இன்னும் அழகான ஒன்று: தசைக்குச் சுமை ஏற்றியதும் அதிலிருந்த மிர்-1 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களை அடக்கும் குட்டி மூலக்கூறு) குறைந்து, நுண்பைகளில் ஏறி, கொழுப்புத் திசுவுக்குப் போய், அங்கே கொழுப்பு கரைவதைக் கூட்டியது. இதையெல்லாம் படித்துச் சிலிர்த்தவன்தான் நானும்.

ஆனால் ரத்தத்தில் நுண்பை கூடினால் அது தசையிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஆல்ஃபா சார்கோகிளைக்கான் என்ற தசைப் புரதத்தை அடையாளமாக வைத்துத் தேடியபோது, ரத்தத்து நுண்பைகளில் 1 முதல் 5 சதவீதத்தில்தான் அது கிடைத்தது. மிச்சத்தில் பெரும்பங்கு பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு), சிவப்பணு, வெள்ளையணு, ரத்தக்குழாயின் உட்சுவர் ஆகியவற்றுடையது. ஓடினால் பிளேட்லெட்டும்தான் கிளர்ந்தெழும். வியர்த்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு குறைந்தாலே எண்ணிக்கை ஏறியதுபோலத் தெரியும். கல்யாண மண்டப வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் எழுதுகிற கதைதான் இது.

அதனால்தான் மூடியின் நிறம். சிவப்பு மூடி என்றால் சீரம், அதாவது ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த நீர்; ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் டியூபுக்குள்ளேயே நுண்பைகளைக் கொட்டும். அதாவது ஊசியை உருவிய பிறகு பிறந்தவை! பச்சை மூடியில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின், பின்னால் ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். நீல மூடியில் இருப்பது சிட்ரேட், அதுவும் உறைவைத் தடுக்கும், நல்லது. 21 கேஜ் ஊசி, முதல் சில மில்லியை ஒதுக்கிவிட வேண்டும், குலுக்கக் கூடாது, சீக்கிரமே 2500 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 2500 மடங்கு விசையில்) 15 நிமிடம் சுழற்ற வேண்டும், மேலே இருப்பதை மட்டும் எடுத்து இன்னொரு முறை அதே சுற்று. அடி வரைக்கும் உறிஞ்சினால் போச்சு. ஒரே சுற்றோடு உறைய வைத்தால், மிஞ்சிய பிளேட்லெட்டுகள் உருக்கும்போது வெடித்து வரைபடத்தை நிரப்பிவிடும். சாப்பிட்டுவிட்டு வந்தவரின் ரத்தம் என்றால் லிப்போபுரதம் என்ற கொழுப்புத் துகள்களும் சேரும். துகள் எண்ணும் கருவிக்கு லிப்போபுரதம் எது, நுண்பை எது என்று தெரியாது, எல்லாமே புள்ளிதான். 1,00,000 ஜி-யில் சுழற்றினாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் லிப்போபுரதமும் கூடவே அடியில் படியும். 'தசையின் கையெழுத்து' என்று அந்த வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த மிர்-486 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. சிவப்பணுவிலும் ஏராளம். சிவப்பணுக்கள் லேசாகச் சிதைந்தாலே ஏறும். 414 நானோமீட்டர் ஒளியில் ஹீமோகுளோபினை ஒருமுறை அளந்தால் போதும் அந்தச் சிதைவைப் பிடிக்க. செய்தார்களா?

'செல் வளர்ப்பில் செய்தால் ரத்தச் சிக்கலே இல்லையே' என்று ஒரு நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றுகிற கன்றுக்குட்டிச் சீரத்தில் மாட்டு நுண்பைகள் இருக்கின்றன. 1,00,000 ஜி-யில் 18 மணி நேரம் சுழற்றினாலும் முழுதாகப் போவதில்லை. செல் எதுவுமே போடாமல் ஊடகம் மட்டும் ஊற்றிய கிண்ணம் ஒன்றைக் கூடவே வைத்து ஒப்பிட வேண்டும்.

'குறை சொல்லிக்கொண்டே இருந்தால் அறிவியல் எப்படி வளரும்' என்பவர்களுக்கு ஐரிசின் ஞாபகம் இருக்கிறதா? உடற்பயிற்சியின்போது தசை வெளியிடும் ஹார்மோன் என்று 2012இல் கொண்டாடினார்கள். அதை அளக்கப் பயன்படுத்திய ஆன்டிபாடிகளே (ஒரு புரதத்தைப் பிடிக்க வேண்டியவை) வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்று பிறகு தெரிந்து வருடக்கணக்கில் சண்டை. குறை சொன்னவர்களால்தான் மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் ஒழுங்காக அளந்தார்கள்.

'தமிழில் எளிமையாகச் சொல்லும்போது இவ்வளவு துல்லியம் எதற்கு' என்ற வரிதான் வலித்தது. ஏன், தமிழில் படிப்பவருக்கு அரைகுறை போதுமா?

எளிமையாம். அந்த எளிமை எங்கே போய் முடிந்தது? எக்சோசோமை நரம்பில் ஏற்றும் விளம்பரத்தில்: 'ஒரு டிரிப், ஒரு மணி நேர உடற்பயிற்சிக்குச் சமம்.' ஐயா, சந்தையில் விற்கிறவற்றில் பெரும்பாலானவை தசையினுடையவை கூட இல்லை. நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி, ஸ்டெம் செல் வகையறா. எலிகளில் நரம்பு வழியே ஏற்றினால் சில நிமிடங்களில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் எச்சரிக்கை விட்டதே, நெப்ராஸ்காவில் இப்படி ஏற்றிக்கொண்டவர்களுக்குத் தீவிரமான பாதிப்புகள் வந்ததால்தான். அதை யாராவது எளிமையாகச் சொல்லியிருக்கலாம்.

வரைபடம் இப்போதும் அங்கே இருக்கிறது. இன்று காலை பார்த்தேன், என் கேள்வியைத்தான் நீக்கியிருக்கிறார்கள்.